உங்களுக்குத் தெரியுமா? வியாழனில் தினம் ஒரு கிரகணம்!

● பூமிக்குச் சூரிய கிரகணமும் சந்திர கிரகணமும் சேர்த்தே ஆண்டுக்கு நான்கு முதல் ஏழு வரைதான். வியாழனிலோ சராசரியாக நாளுக்கு ஒரு நிலவு கிரகணம்! அதன் நான்கு பெரிய நிலவுகளில் முதலாவதான அயோ 42½ மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் புகுந்தே ஆக வேண்டும். யூரோப்பா மூன்றரை நாளுக்கு ஒருமுறை, கானிமீட் ஏழு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஒருமுறை. நான்காவதான கலிஸ்டோ மட்டும் தனி ரகம். தள்ளிச் சுற்றுவதால், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தவறாமல் நிழலுக்குள் போய்வரும். அடுத்த மூன்று ஆண்டுகள் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும்.

● இதைப் பார்க்க 60 மி.மீ. தொலைநோக்கி போதும். மொட்டை மாடியும், ஆடாத முக்காலியும் இருந்தால் சரி. தெருவிளக்கு பெரிய தொந்தரவில்லை. இந்த நான்கு நிலவுகளும் அவ்வளவு பிரகாசம். வியாழனின் கண்கூசும் ஒளி மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால், இருட்டான ஊரில் வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடியவை.

● கிரகணம் எந்தப் பக்கம் நடக்கும்? வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாளுக்கு முந்தைய மாதங்களில் அதன் மேற்குப் பக்கம், பிந்தைய மாதங்களில் கிழக்குப் பக்கம். தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகவோ இடவலமாகவோ திருப்பிவிடுவதால் மேற்கு எது என்று குழம்ப வேண்டாம். குழாயை அசைக்காமல் விடுங்கள். வியாழன் எந்த ஓரத்தை நோக்கி நகர்கிறதோ அதுவே மேற்கு.

● அயோவின் ஒரே கிரகணத்தில் அது மறைவதையும் மீள்வதையும் சேர்த்துப் பார்க்கவே முடியாது. நிழலின் ஒரு முனை எப்போதும் வியாழனின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கானிமீடுக்கும் கலிஸ்டோவுக்கும் இந்தத் தடை இல்லை. வியாழன் வானில் தோதான இடத்தில் இருக்கும் மாதங்களில், அவை வெட்டவெளியில் காணாமல் போய், வெட்டவெளியிலேயே திரும்பி வரும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கானிமீட்தான்.

● நிலவு ‘பட்’டென்று அணைந்துவிடாது. அயோ முழுதாக நிழலுக்குள் நுழைய மூன்றரை நிமிடம் ஆகும். மெதுவாகப் போகும் பெரிய நிலவான கானிமீடுக்கு எட்டு நிமிடம். முதலில் ஏதும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு பக்கத்து நிலவோடு ஒப்பிட்டால் கொஞ்சம் மங்கியிருக்கும். அப்புறம் ஒரு புள்ளி. இருக்கிறதா இல்லையா என்று கண்ணே சந்தேகப்படும் புள்ளி. வியாழனைப் பார்வை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் இந்தக் கட்டத்தில் இன்னும் சில விநாடிகள் தாக்குப்பிடிக்கலாம். கிரகண அட்டவணை சொல்லும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஐபீஸில் கண்ணை வைத்துவிடுவது நல்லது.

● ஒரே மாடியில் இரண்டு பேர், ஒருவரிடம் சின்னத் தொலைநோக்கி, இன்னொருவரிடம் பெரியது. இருவரும் ஒரே கிரகணத்துக்கு வெவ்வேறு நேரம் குறிப்பார்கள்! மறையும்போது பெரிய கருவி மங்கலான புள்ளியைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும். அதனால் நேரம் பிந்தும். மீளும்போது அதே கருவி முன்கூட்டியே பார்த்துவிடும், நேரம் முந்தும். மறைதல், மீள்தல் இரண்டின் நேரங்களையும் எடுத்துச் சராசரி கண்டால் இந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். 1970-களிலிருந்து பல ஆண்டுகள் அமெரிக்காவின் ‘ஆல்போ’ என்னும் ஆர்வலர் சங்கம் இப்படிக் குறித்த நேரங்களைத் திரட்டி, நிலவுகளின் கணக்கைச் சரிபார்த்து வந்தது.

● ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டிக்கொடுத்ததே அயோதான். பூமி வியாழனைவிட்டு விலகிப்போகும் மாதங்களில், ஒவ்வொரு கிரகணச் செய்தியும் கூடுதல் தூரம் பயணம் செய்து வர வேண்டும். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 15 விநாடிதான் தாமதம். ஆனால் மாதக்கணக்கில் சேர்ந்தால் பல நிமிடம். பாரிஸில் வேலை பார்த்த டென்மார்க்காரர் ஓலே ரோமர், 1676 செப்டம்பரில், “நவம்பர் 9-ல் அயோ கணக்கிட்டதைவிடப் பத்து நிமிடம் தாமதமாக வெளிவரும்” என்று அறிவித்தார், அப்படியே நடந்தது. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார். உண்மையில் 16½ நிமிடத்துக்குச் சற்று அதிகம். ‘ஒளியின் வேகத்தை ரோமர் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்’ என்று பொது அறிவுப் புத்தகங்கள் எழுதுவது பாதி உண்மைதான். அந்தப் பெருக்கல் வகுத்தலைச் செய்தவர் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ். ரோமருக்கு மேலே இருந்த காசினி கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. அயோவின் அட்டவணையைத் தயாரித்ததே அவர்தான்!

● இன்றும் நீங்கள் பார்க்கும் கிரகணம் 33 முதல் 54 நிமிடம் பழசு. அட்டவணைகளில் அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தே நேரம் போட்டிருப்பார்கள். நீங்கள் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை.

● கடிகாரம் சரியாக ஓடாத காலத்தில் இந்தக் கிரகணங்களே உலகப் பொதுக் கடிகாரம். ஒரே கிரகணத்தை இரண்டு ஊரில் பார்த்து, உள்ளூர் நேர வித்தியாசத்தைக் கண்டால் தீர்க்கரேகை வித்தியாசம் கிடைத்துவிடும்: ஒரு மணி என்றால் 15 டிகிரி. இப்படிப் பிரான்சின் கடற்கரையை அளந்தபோது, மேற்குக் கரை பழைய வரைபடத்தைவிட வெகுவாக உள்ளே வந்துவிட்டது. “எதிரிகளிடம் இழந்ததைவிட அதிக நிலத்தை என் வானியலாளர்களிடம் இழந்தேன்” என்று பதினான்காம் லூயி அங்கலாய்த்ததாக ஒரு கதை. சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடிய ஆள்தான்.

● கடலில் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. ஆடும் கப்பலில் வியாழனைப் பார்வையில் நிறுத்த கலிலியோ தலைக்கவசத்தில் தொலைநோக்கியைப் பொருத்திப் பார்த்தார். 1763-ல் பார்படாஸ் பயணத்தில், ஆட்டத்தைச் சமாளிக்கும் தொங்கும் நாற்காலி ஒன்றை ஆங்கிலேய வானியலாளர் மாஸ்கலின் சோதித்தார். அதுவும் தேறவில்லை.

● சென்னையும் இந்தக் கணக்கில் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை அங்கிருந்த வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வியாழன் நிலவுகளின் கிரகணங்களை வைத்தே கணித்தார். 1802-ல் அவர் சொன்ன விடை, 80 டிகிரி 18½ கலை (ஒரு டிகிரியில் 60 கலை). நேரத்தில் சொன்னால், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். பிற்பாடு இந்திய ரயில்களை ஓட்டிய ‘மெட்ராஸ் டைம்’ இந்த வானாய்வகத்தின் நேரம்தான். இன்றைய அளவீட்டோடு ஒப்பிட்டால் பிழை சுமார் 15 விநாடி. மங்கி மறையும் புள்ளியை வைத்துச் செய்த வேலைக்கு அது பெரிய குறையில்லை. ஆனால் அந்த 15 விநாடியைத் தரையில் அளந்தால் ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல்! கோல்டிங்ஹாமின் தீர்க்கரேகைப்படி பார்த்தால் நுங்கம்பாக்கம் வானாய்வகம் மெரினாவைத் தாண்டி வங்கக்கடலுக்குள் இருக்கிறது. அதன் பழைய கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நனையாமல்தான் நிற்கிறது.

● நிலவின் நிழல் வியாழன்மேல் விழுந்தால் அங்கே அது சூரிய கிரகணம். மேகப்பட்டைகளின்மேல் மைப்புள்ளியாக நகரும். இதற்கு நான்கு அங்குலத் தொலைநோக்கியாவது வேண்டும். அயோ, யூரோப்பா, கானிமீட் மூன்றின் நிழல்களும் ஒரே நேரத்தில் விழவே விழாது. 1:2:4 என்ற அவற்றின் சுற்று விகிதம் மூன்றையும் ஒரே வரிசையில் நிற்கவிடாது. மூன்று நிழல் விழ வேண்டுமானால் கலிஸ்டோ கூட்டுச் சேர வேண்டும். 2015 ஜனவரி 24-ல் சேர்ந்தது. அடுத்தது 2032 மார்ச் 20.

● ஆறு ஆண்டுக்கு ஒருமுறை நிலவுகளே ஒன்றன்மேல் ஒன்று நிழல் போடும், ஒன்றையொன்று மறைக்கும். 2026–27 அப்படிப்பட்ட பருவம். பாரிஸிலுள்ள வான் இயக்கவியல் நிறுவனம் இப்படிப்பட்ட பருவங்களில் ஆர்வலர்களின் பதிவுகளையும் வரவேற்கிறது. தொலைநோக்கியில் சின்ன கேமராவை மாட்டி, விநாடி பிசகாத நேரத்தோடு வீடியோ எடுத்தால், ஒளி எப்போது எவ்வளவு குறைந்தது என்று வரைபடம் போட்டுவிடலாம். ‘ஸ்டெல்லேரியம்’ மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்து முன்னோட்டம் பார்த்துக்கொள்ளலாம். அச்சான அட்டவணைகள் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள், தேதியும் மாறிவிடுகிறதா என்று பாருங்கள்.