உள்ளே கழிந்த நாட்கள்

இருபது வருஷத்துக்கு முன்னால் கிரிமினல் அப்பீல் கட்டை அவிழ்த்தால் முதலில் அரிவாள்தான் தெரியும். அதைக் கைப்பற்றிய மகஜர், சம்பவ இடத்தின் வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, பிறழ்சாட்சியாகிப்போன பக்கத்து வீட்டுக்காரர். எல்லாம் சேர்ந்தும் இருநூறு பக்கம் தாண்டாது. குமாஸ்தா நாடா கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உயர் நீதிமன்றப் படியேறிவிடுவார்.

இன்று சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கின் கட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதில் ரத்தக்கறை கிடையாது. வங்கிக் கணக்கின் வரவும் பற்றும், கிரயப் பத்திரங்கள், பொடி எழுத்தில் எக்ஸெல் தாள்கள். எந்தக் கணக்கிலிருந்து எங்கே போனது என்று விரலை வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். கண் நழுவினால் வாதமும் நழுவும்.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டு, 2005 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 47-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் உண்டு என்கிறது. ஆனால் முதல் பத்தாண்டுகளில் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை. தண்டனை வந்தால்தானே அப்பீல்! 2017 ஜனவரியில் ராஞ்சி சிறப்பு நீதிமன்றம் ஜார்க்கண்ட் முன்னாள் அமைச்சர் ஹரி நாராயண் ராய்க்கு 7 ஆண்டு கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தபோது நாடே செய்தியாகப் படித்தது. 5 லட்சம் என்பது பழைய சட்டத்தின் உச்சவரம்பு. 2013-இல் அமலுக்கு வந்த திருத்தம் அந்த வரம்பைத் தூக்கிவிட்டது. 2020-இல் அதே ராஞ்சியில் இன்னொரு முன்னாள் அமைச்சரான அனோஷ் எக்காவுக்கும் 7 ஆண்டுதான். அபராதம் மட்டும் 2 கோடி.

அபராதத்துக்கு மேல்வரம்பு போனாலும் சிறைக்குக் கீழ்வரம்பு அப்படியே இருக்கிறது: குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7, போதைப்பொருள் தொடர்பு இருந்தால் 10. எனவே ‘வயசாயிடுச்சு, சர்க்கரை வியாதி, மகளுக்குக் கல்யாணம் ஆகணும்’ என்று உருகுவதெல்லாம் மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் எடுபடும். மூன்றுக்குக் கீழே இறங்க உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. அதனால் விவரம் தெரிந்த வக்கீல் தண்டனையின் அளவோடு மல்லுக்கட்ட மாட்டார். அந்தப் பணம் எந்தக் குற்றத்தில் பிறந்ததோ, அந்த மூலக் குற்றத்தைப் பிடிப்பார். அந்த லஞ்ச வழக்கிலோ மோசடி வழக்கிலோ இறுதியாக விடுதலை கிடைத்தால் பணப் பரிமாற்றக் குற்றமும் நிற்காது என்று 2022 ஜூலை 27-இல் விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேர் போனால் கொடியும் போகும்.

அதே தீர்ப்புதான் ஜாமீனுக்கான இரட்டை நிபந்தனையையும் உறுதிசெய்தது. குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். வெளியே வந்தால் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே விடுதலைத் தீர்ப்பு கேட்கிற மாதிரி இது. என்னால் இதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 2014 முதல் பதிவான 5,297 வழக்குகளில் 40-இல்தான் தண்டனை என்று 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறை முன்னால் நடக்கிறது, தீர்ப்பு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

அந்த ஆண்டுதான் காற்று கொஞ்சம் திசை மாறியது. டெல்லி துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியா ஆகஸ்டில் ஜாமீனில் வந்தார். தமிழக அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜிக்குக் கைதாகிப் பதினைந்து மாதம் கழித்து, செப்டம்பர் 26-இல் ஜாமீன். கடுமையான ஜாமீன் விதியும் முடிவில்லாத விசாரணையும் சேர்ந்து போக முடியாது என்பது அப்போது உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, முதல்முறை சிக்கியவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் ஜாமீன் என்கிறது. ஏழில் அது 28 மாதம்.

போன மாதம் ஓர் அம்மா வந்திருந்தார். கணவருக்கு 3 ஆண்டு. அப்பீலுக்கு 60 நாள் அவகாசம் இருக்கிறது என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“முன்னாடி உள்ள இருந்த நாளக் கழிச்சுக்குவாங்களா சார்?”

கழிப்பார்கள், சட்டமே அப்படித்தான் என்றேன். குமாஸ்தா அன்றைய காஸ் லிஸ்டைத் திருப்பிப்போட்டு, கைதான தேதியையும் ஜாமீனில் வந்த தேதியையும் எழுதிக் கூட்டினார். இரண்டு வருஷம் ஒரு மாசம். பாக்கி பதினோரு மாசம்.

“அப்பீல் எப்ப சார் வரும்?”

குமாஸ்தா என்னைப் பார்த்தார். பதினோரு மாசத்துக்குள் இறுதி விசாரணைக்கு வந்த அப்பீலை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. “மொதல்ல தண்டனைய நிறுத்திவைக்கச் சொல்லி மனுப் போடுவோம்மா” என்று சொல்லிவிட்டு, வக்காலத்துத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.