வளைகுறுவாளின் வயதறிதல்

அரபுத் தீபகற்பத்தின் வளைகுறுவாளைச் சேகரிக்க விழைவோர் முதலில் கேட்பது அதன் பழமையையே. ஆயின், எந்தப் பகுதியின் பழமையை வினவுகின்றோம் என்பதை முதலில் நாம் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். அலகு, பிடி, உறை, இடைவார் ஆகிய நான்கும் ஒரே காலத்தவையாக அமைவது அரிது. தந்தையின் அலகுக்கு மகன் புதுப்பிடி இடுவதும், நைந்த வாரை மாற்றுவதும் அந்நாடுகளில் இயல்பு. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

அடுத்து, பிறந்த ஊரை அறிவோம். யமனில் இதன் பெயர் ஜம்பிய்யா. பக்கம் எனப் பொருள்படும் 'ஜன்ப்' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. உமானில் இது கன்ஜர் எனப்படும். உமானிய உறை செங்கோணம்போல் வளைந்து, வெள்ளிக் கம்பி வேலைப்பாடும் வளையங்களும் பெற்றிருக்கும். ஆலு பூ ஸஈத் அரச மரபின் பெயரால் வழங்கும் ஸஈதிய்யா வகைக்கு ஏழு வளையங்கள் உண்டு. 2022இல் கன்ஜர்க் கைவினை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

காலங்காணுங்கால் இரு மயக்கங்கள் நேர்வதுண்டு. முதலாவது, நாணயம். மரியா தெரேசா வெள்ளி நாணயம் 1780க்குப் பின்னரும் பல நாடுகளில் அதே ஆண்டைத் தாங்கியே அச்சிடப்பட்டது. ஆகவே அதனைக் கொண்டு பழமையை நிறுவ இயலாது. இரண்டாவது, ஹிஜ்ரி ஆண்டு. உறையில் 1320 எனப் பொறித்திருப்பின், 622ஐக் கூட்டி 1942 எனக் கொள்வது பிழையாகும். 33 சந்திர ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளே. கணக்கிட்டால் 1902 என வரும். வெறும் கூட்டல் நாற்பதாண்டு வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது.

யமனின் நுண்ணிய வெள்ளி வேலை பெரிதும் யூதக் கொல்லர்களுக்குரியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 1949-50இல் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தமையால், அவர்தம் கைவண்ணம் உறுதிப்படின் அவ்வணி பெரும்பாலும் அதற்கு முந்தியது எனலாம். தேய்மானமும் சான்று பகரும். நெடுங்காலம் கைபட்ட பொருளில் மேடுகள் மழுங்கும். பள்ளங்களில் கருமை தங்கும். மேடும் பள்ளமும் ஒன்றுபோல் கறுத்திருப்பின் ஐயுறுக. மெல்லிய தகட்டில் வெட்டிய அலகு பெரும்பாலும் பயணிகளுக்கெனச் செய்யப்பட்டதே.

எஞ்சியது பிடி. யமனில் காண்டாமிருகக் கொம்புப் பிடிக்கே மதிப்பு மிகுதி. 1970களில் எண்ணெய் நாடுகளில் உழைத்தோர் ஈட்டிய செல்வம் அவ்வேட்கையைப் பெருக்கிற்று. 1970இல் ஏறத்தாழ 65,000 ஆக இருந்த ஆப்பிரிக்கக் கருங் காண்டாமிருகங்கள், 1990களின் நடுவில் 2,500க்கும் குறைந்தன. அவ்வழிவுக்கு இப்பிடி வாணிகமும் ஒரு காரணம். பன்னாட்டு வாணிகம் 1977இல் தடைசெய்யப்பட்டது. யமன் 1982இல் இறக்குமதியைத் தடுத்தது. எருமைக் கொம்பும் செயற்கைப் பொருளும் அதன் இடத்தைப் பிடித்தன.

ஆதலின் கொம்புப் பிடியெனக் கூறி விற்போரிடம், வயதைக் கேட்குமுன் சட்டப்படியான சான்றைக் கேட்பதே முறை. சான்றில்லையேல் எத்துணைப் பழமையாயினும் வாங்காது விடுதலே நன்று. வாங்கியதைப் பதிவு செய்யுங்கால், 'அலகு பழையது, பிடி பிந்தியது' என உள்ளவாறே குறித்துவைத்தல் வேண்டும். பின்வருவோர் நம் குறிப்பையே நம்புவர்.