உட்பதியமா, உள்வைப்பா?

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருவர் வீடு தேடி வந்தார். பள்ளிக் காலத்தில் ஈட்டியெறிதலிற் பரிசு பல பெற்றவர். இன்று உடற்கல்வி ஆசிரியை. புற்றுநோயால் இடப்பக்க மார்பகம் அகற்றப்பெற்று ஓராண்டு கழிந்திருந்தது. “ஐயா, ‘இம்பிளான்ற்’ என்பதற்குத் தமிழிலே சரியான சொல் எது?” என்று கேட்டார். அதனைத் தம் உடலில் வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்னும் வினா அச்சொல்லின் பின்னே நின்றது.

கண்ணகி இடமுலை திருகி எறிந்து மதுரையை எரித்த கதையை முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே கூசாது கற்பித்தவன் யான். மாணவி தம் நோயைச் சொன்னபோதோ நிலத்தைப் பார்த்தேன். காப்பியத்தில் வரும் உறுப்புக்கு நாணாத நாம், உயிருள்ள உறுப்பின் நோயைப் பேச நாணுகின்றோம். வைத்தியரிடம் காலந்தாழ்த்திச் செல்வதற்கு இந்நாணமும் ஒரு காரணமன்றோ?

நிற்க. சொல்லுக்கு வருவோம். ‘உட்பதியம்’ என்று எழுதுவார் உளர். பதியம் என்பது மண்ணில் வைத்து வேர்விடச் செய்யுங் கிளை. சிலிக்கன் பையோ வேர்விடுவதன்று. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் குரோனின், ஜெரோ என்னும் வைத்தியர் இருவர் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு அதனைப் பொருத்தினர். உடல் அதனை அயற்பொருளாகவே கொண்டு, சுற்றிலும் நார்த்தன்மையான உறையொன்றை அமைத்துக்கொள்ளும். சிலரிடத்து அவ்வுறை இறுகி வலிதரும். பை கிழிதலும் உண்டு. ஆயுள் முழுவதற்கும் உரியதன்று. பின்னொருகால் எடுக்கவோ மாற்றவோ நேரலாம். சொரசொரப்பான புறப்பரப்புடைய ஒருவகை, அரிதானதொரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புற்றமையால், 2019இல் உலகச் சந்தையினின்று மீளப்பெறப்பட்டது. ஆதலின் ‘உள்வைப்பு’ என்பதே நேர்மையான சொல் என்றேன். வைத்ததை எடுக்கவும் வேண்டிவரும் என்பதை அச்சொல் மறைப்பதில்லை.

“வைத்துக்கொண்டால் ஈட்டி எறியலாமா, ஐயா?” என்றார். வைத்தியரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அவரே அறிந்து வைத்திருந்தவற்றை இருவரும் ஒழுங்குபடுத்தினோம். எறியுங் கையை முன்னோக்கி வீச உதவுவது மார்புத் தசை. உள்வைப்பு அத்தசையின் கீழிருந்தால், தசை இறுகுந்தோறும் அதுவும் அசைந்து உருமாறலாம். மேலிருந்தால் அவ்விடர் குறைவு. ஆயின் அதனை மூடுதற்குப் போதிய தோலும் கொழுப்பும் வேண்டும். முதுகுத் தசையை எடுத்து மார்பமைக்கும் முறையும் உண்டு. நீந்துவோரும் எறிவோரும் அத்தசையை எளிதில் இழக்கத் துணியார். சத்திரசிகிச்சையின் பின் கடும்பயிற்சிக்கு ஏறத்தாழ ஆறு வாரமேனும் பொறுத்தல் வேண்டும். ஒன்றும் வையாது, கச்சினுள்ளே செயற்கை மார்பு அணிந்தும் அணியாமலும் விளையாடுவோரும் உளர்.

அமேசன் என்னும் வீரமகளிர் படைக்கலம் ஏந்துதற்காக வலமார்பை அகற்றினர் என்பது கிரேக்கர் கதை. அப்பெயரை ‘மார்பு இல்லாதவர்’ எனப் பிழையாகப் பிரித்தமையால் எழுந்த கதை அது என்பர் ஆராய்ச்சியாளர். கிரேக்கச் சிற்பங்களிலோ அம்மகளிர்க்கு இருமார்பும் உள. இது பிறர் புனைந்த உடல். உருமேனிய நாட்டு டெனிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப், தம் ஆட்டத்துக்கு இடையூறென்று கண்டு, 2009இல் மார்பகத்தைச் சத்திரசிகிச்சையாற் சிறிதாக்குவித்தார். 2018இல் பிரெஞ்சுப் பட்டத்தையும் 2019இல் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார். அது தாமே தெரிந்துகொண்ட உடல். குறைப்பதாயினும் நிறைப்பதாயினும், இவ்வேறுபாட்டையே நாம் நோக்குதல் வேண்டும்.

இதனைக் கேட்ட மாணவி சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “கண்ணாடி முன்னே பழையபடி நிற்கவும் ஆசை, ஐயா, ஈட்டி எறியவும் ஆசை” என்றார்.

“இரண்டும் நாணத்தக்க ஆசைகளல்ல, பிள்ளை” என்றேன். இம்முறை நிலத்தைப் பார்க்கவில்லை.

தசையின் மேலா, கீழா? எந்த வகை? எத்தனை ஆண்டுக்கொருமுறை சோதிப்பது? எடுக்க நேர்ந்தால் என் செய்வது? வைத்தியரிடம் கேட்கவேண்டிய இந்நான்கையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு புறப்பட்டார். எழுதியதன் தலைப்பிலே ‘உள்வைப்பு’ என்றிருந்தது. சொல் என்னுடையது; முடிவு அவரிடம் இருக்கிறது. அது அங்கேயே இருத்தல் தகும்.