வாசலில் வேன், வயிறு நிறையச் சாமைச் சோறு!

"மலைக்குப் போகலாம், ஆனா ஓட்டல் வேண்டாம்மா!" என்று என் பெண் ஒரே பிடிவாதம். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் போனில் சொன்னதுதான் காரணம்.

வீட்டையே வண்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் தங்குவதற்கென்றே அங்கே திடல்கள் உண்டு. லூசியானா மாநிலத்தில் அப்படி ஒரு திடலில் இரண்டு நாள் இருந்தார்களாம். அங்குள்ள கேஜன் மக்கள், 1755-ல் கனடாப் பக்கம் அக்கேடியாவிலிருந்து பிரிட்டிஷார் விரட்டிய பிரெஞ்சு பேசும் குடும்பங்களின் வழிவந்தவர்கள். 'கம்போ' என்ற குழம்பைச் சோற்றில் ஊற்றித் தந்து, பிடிலும் அக்கார்டியனும் வாசித்தார்களாம். "வேத்து மனுஷங்கன்னே தோணலை, அண்ணி!" என்றாள்.

நம் ஊரில் மட்டும் அந்த மனசு இல்லையா என்ன? வாடகை வேனில் ஸ்டவ், பாய், ஜமக்காளம், தண்ணீர்க் குடம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியைத் தாண்டி, வடக்கனந்தல் வந்தபோது இருட்டிவிட்டது. "ராத்திரியில மலை ஏற வேணாங்க" என்றார் டிரைவர்.

சாலையோரம் புளியமரத்தடியில் ஒரு வீடு. திண்ணையில் ஒரு பாட்டி.

"இங்கே வேனை நிறுத்திக்கலாமா, பாட்டி?"

"இதென்னம்மா கேள்வி? பொம்பளைப் புள்ளையை வெச்சுக்கிட்டு ரோட்டுலயா படுப்பீங்க? உள்ளே வாங்க!"

எங்கள் ஸ்டவ்வுக்கு வேலையே வைக்கவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் கொட்டைக் குழம்பும் போட்டார். சாமையை நன்றாகக் கல் அரித்து, அரை மணி ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டு, சின்னத் தணலில் வேகவிட்டால் உதிரி உதிரியாக வருமாம். காலையில் பணம் நீட்டினேன். "சோத்துக்குக் காசு வாங்குவாங்களா?" என்று கையைத் தள்ளிவிட்டார்.

மலையடிவாரத்தில் கோமுகி அணை. மேலே வெள்ளிமலை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்காதீர்கள், மலையை ஆளும் தமிழர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். சாமையும் தினையும் அவர்கள் பழைய பயிர்கள். ஊர் விட்டு ஊர் வந்தாலும் அடுப்பும் பாட்டும் கூடவே வரும்போலும்!

திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சியில் ஒரு மரச்சிற்பப் பட்டறை. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. முதலில் காகிதத்தில் வரைந்து, மரத்தில் பதித்து, உளியும் கொட்டாப்புளியுமாகச் செதுக்குகிறார்கள். பிள்ளையாரின் ஒரு காது மடலுக்கே எத்தனை தட்டு! ஒரு தட்டு தப்பினால் முழுப் பலகையும் வீண்.

சின்னப் பிள்ளையார் ஒன்றை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் பாதி விலைக்குக் கேட்டேன். சிற்பி ஒன்றும் பேசவில்லை. மரத்தூளைத் துடைத்துவிட்டு, "கட்டாதும்மா" என்றார். என் பெண் காதோரம் சொன்னாள்:

"அந்தப் பாட்டி காசே வாங்கலை. நீ கொடுக்க வேண்டிய காசையே குறைக்கிறியேம்மா!"

சுருக்கென்றது. சொன்ன விலையைக் கொடுத்தேன். ஜவுளிக்கடையில் வாய் திறக்காமல் சீட்டுப்படி கொடுக்கும் நாம், கைவேலைக்காரரிடம் மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறோம்? கட்டாத தொழிலை அவர் பிள்ளை ஏன் கற்பான்?

நீங்களும் போய் வாருங்கள், சகோதரிகளே. காய்ச்சி ஆறிய தண்ணீரும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் மறக்க வேண்டாம். அருவியில் மழை நாளில் இறங்காதீர்கள். தங்க இடம் கொடுத்த வீட்டு வாசலைப் பெருக்கி, கோலம் போட்டுவிட்டு வாருங்கள். பணம் வாங்காத பாட்டி அதை வேண்டாம் என்று சொல்லவில்லை!