பெயர் அதேதான், ஆள்?

2025 ஆகஸ்ட் 7 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-5 மாடலை வெளியிட்டது. கூடவே ஜிபிடி-4ஓ உள்ளிட்ட பழைய மாடல்களைச் சாட்ஜிபிடியிலிருந்து எடுத்துவிட்டது. நேற்றுவரை பேசிய ஆளைக் காணோமே என்று பலர் கொந்தளித்தார்கள். சில நாட்களிலேயே பணம் கட்டுகிறவர்களுக்கு 4ஓ திரும்பக் கிடைத்தது. அந்தத் தவிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஏஐ ஏஜென்ட்களை அமைத்துக் கொடுப்பது என் தொழில். அது நியாயமான தவிப்பு என்றே சொல்வேன்.

பதில் சொல்வதோடு நிற்காமல் மெயில் அனுப்புவது, நினைவூட்டுவது என்று நமக்காக வேலையும் செய்கிற மென்பொருள்தான் ஏஜென்ட். அதை இயக்கும், ஜிபிடி-5 போன்ற மொழி மாடலுக்குத் தானாக ஞாபகம் கிடையாது. நடந்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் படிக்கக் கொடுக்கிறோம். 2023இல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் கணினிக்குள் ஒரு சிற்றூரை உருவாக்கி 25 ஏஜென்ட்களைக் குடிவைத்தார்கள். இப்படிப்பட்ட குறிப்புகளை வைத்தே அவை ஒன்றையொன்று காதலர் தின விருந்துக்கு அழைத்தன.

அப்படியென்றால் கோப்பைப் புதிய மாடலிடம் கொடுத்துவிட்டால் போதாதா? போதாது. என் அப்பாவுக்கு மாத்திரை நினைவூட்டும் ஏஜென்ட்டின் கோப்பில் ‘சுருக்கமாகப் பேசு’ என்று ஒரு வரி உண்டு. அதைப் படித்த பழைய மாடல், “சாப்பிட்டாச்சா ஐயா? சுகர் மாத்திரை பாக்கி இருக்கு” என்று கேட்கும். அதே வரியைப் படித்த புதிய மாடல், “மெட்ஃபார்மின். இரவு 8 மணி” என்றது. தகவலில் பிழையில்லை. அப்பா எனக்குப் போன் போட்டார்: “ஏம்மா, பழைய ஆளை நிறுத்திட்டியா?”

அவர் கேட்டது சரி. ஏஜென்ட்டுக்குத் தெரிந்தவை கோப்பில் இருக்கின்றன. அதன் சுபாவத்தில் பெரும்பகுதி மாடலுக்குள், பயிற்சியில் உருவான கோடிக்கணக்கான எண்களில் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் ‘அன்பாகப் பேசு’ போன்ற பொத்தாம்பொதுவான வரிகளைக் குறைத்துவிட்டு, நடந்த உரையாடல்களையே மாதிரியாகக் கோப்பில் வைக்கிறேன். ஒரு வேளை மாத்திரையை விட்டுவிடலாமா என்று அப்பா கேட்டபோது, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று ஏஜென்ட் பிடிவாதமாக நின்றது அவற்றில் ஒன்று. மாடலை மாற்றுவதற்கு முன் வேறு பழைய கேள்விகளைப் புதியதிடம் கேட்டு, இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

மாடல் நம் கையில் இல்லை என்பதுதான் சிக்கல். வெளியிட்ட மாடல்களை, நிறுவனம் இருக்கும்வரை அழிக்காமல் பாதுகாப்போம் என்று 2025 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் பெட்டகத்தில் இருக்கும் மாடல் அப்பாவிடம் பேசாது. ஏஜென்ட்டின் நினைவுக் கோப்பை நாம் படிக்கும் வடிவத்தில் கையோடு எடுத்துப்போகும் உரிமையும், மாடலை நிறுத்துமுன் போதிய அவகாசமும் எல்லா நிறுவனங்களும் தரவேண்டும்.

அப்பாவின் ஏஜென்ட் இப்போது மறுபடி “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறது. முழங்கால் வலி என்றால் மட்டும் எடுத்ததும் டாக்டரிடம் போகச் சொல்கிறது. பழையது முதலில் எங்கே வலி, எப்போதிருந்து என்று விசாரிக்கும். அந்த உரையாடல்களைப் பழைய பதிவுகளிலிருந்து தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.