பொம்மைப் பிரபஞ்சம்!
கோவையில் பிறந்த பெண் விஞ்ஞானி போட்ட கணக்கு

புதுச்சேரிப் பகுதியில் உள்ள திருக்கனூர், காகிதக் கூழ் பொம்மைகளுக்குப் பெயர் போன ஊர். காகிதத்தை ஊற வைத்து, கூழாக்கி, அச்சில் அமுக்கி எடுக்கிறார்கள். காய்ந்ததும் வர்ணம் பூசுகிறார்கள். அச்சு சரியாக இருந்தால்தான் பொம்மையின் முகம் சரியாக அமையும்.

விஞ்ஞானிகளும் ஒரு பொம்மை செய்கிறார்கள். அது பிரபஞ்சத்தின் பொம்மை! கணக்குதான் அதற்கு அச்சு, கம்ப்யூட்டர்தான் பட்டறை.

எதற்காக இந்தப் பொம்மை?

நம் சூரியன் ஒரு நட்சத்திரம். அதைப் போல பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் சேர்ந்ததுதான் நம்முடைய பால்வீதி மண்டலம். இப்படி எண்ணற்ற மண்டலங்கள் ஆகாயத்தில் இருக்கின்றன. ஒரு மண்டலம் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மனிதனுடைய ஆயுளோ நூறு! உட்கார்ந்து பார்க்க முடியுமா? ஆகவே, செய்து பார்க்கிறார்கள்.

74 பல்புகள்

1941-ம் ஆண்டில், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், சுவீடன் நாட்டு விஞ்ஞானி எரிக் ஹோம்பர்க் ஒரு யுக்தி செய்தார். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஈர்ப்பு விசையும் அப்படியே குறையும். எனவே, நட்சத்திரங்களுக்குப் பதிலாக மின்சார பல்புகளை மேஜை மேல் பரப்பினார். மண்டலம் ஒன்றுக்கு 37 பல்பு வீதம், இரண்டு மண்டலங்களுக்கு 74 பல்புகள். வெளிச்சத்தை அளந்து, அதற்குத் தக்கபடி பல்புகளைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். இரண்டு மண்டலங்கள் உரசிச் சென்றால் என்ன ஆகும் என்று தெரிந்தது!

2005-ம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கில், 74 பல்புகளின் இடத்தில் 1,000 கோடி புள்ளிகள் இருந்தன. ஜெர்மனியில் ஒரு மாபெரும் கம்ப்யூட்டர் ஒரு மாதத்துக்கு மேல் ஓடி அதைப் போட்டு முடித்தது. ஆதியில் பொருள் ஏறக்குறைய சமமாகப் பரவிக் கிடந்தது. இம்மியளவு கூடுதலாக இருந்த இடம், பக்கத்தில் உள்ளதை இழுத்தது. இழுக்க இழுக்கக் கனத்தது. கனக்கக் கனக்க மேலும் இழுத்தது. இப்படித்தான் மண்டலங்கள் திரண்டன.

கோழியா, முட்டையா?

பெரிய மண்டலங்களின் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. ஒளியைக்கூட வெளியே விடாமல் விழுங்குவது அது. மண்டலம் வளர்ந்த பிறகு கருந்துளை பெருத்ததா? அல்லது ஆரம்பத்திலேயே கருந்துளை பெரிதாக இருந்ததா?

இறந்த நட்சத்திரத்திலிருந்து சிறிய விதையாகப் பிறந்து, மெல்ல வளர்ந்தது என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சியின் முக்கியமான விஞ்ஞானி பிரியம்வதா நடராஜன். கோவையில் பிறந்தவர், டில்லியில் வளர்ந்தவர், அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகப் பேராசிரியை.

"ஆதிகால வாயு மேகம் சில இடங்களில் நட்சத்திரங்களாக உடையாமல், அப்படியே இடிந்து விழுந்து கருந்துளை ஆகலாம். அந்த விதையே பல்லாயிரம் சூரியன்களின் எடை இருக்கும்" என்பது இவர்களுடைய கணக்கின் சாரம். 2017-ம் ஆண்டில் இவரும் சகாக்களும் அடையாளமும் சொன்னார்கள். அத்தகைய குழந்தை மண்டலத்தில், கருந்துளையின் எடை எல்லா நட்சத்திரங்களின் எடைக்கும் ஈடாக இருக்கும் என்றார்கள். இன்று நமக்கு அருகில் உள்ள மண்டலங்களிலோ அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்!

ஆகாயம் சொன்ன சாட்சி

2023-ம் ஆண்டில் சாட்சி கிடைத்தது. ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் ஒரு மண்டலத்தைக் காட்டியது. பெயர் யு.எச்.இசட்.1. சுமார் 1,330 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி அது. பிரபஞ்சம் பிறந்து 47 கோடி ஆண்டுகளே ஆன காலம்! வழியில் இருந்த மண்டலக் கூட்டம் ஒன்று, பூதக்கண்ணாடி போல அந்த ஒளியைப் பெருக்கிக் கொடுத்தது.

அதே இடத்தை இரண்டு வாரம் உற்று நோக்கி, அங்கிருந்து வரும் எக்ஸ்-ரே கதிரைக் கண்டது இன்னொரு டெலஸ்கோப். அதன் பெயர் 'சந்திரா'. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர் அது. கருந்துளையின் எடை, ஒரு கோடி முதல் பத்துக் கோடி சூரியன்கள் என்று கணக்கிட்டார்கள். மண்டலத்து நட்சத்திரங்களின் எடைக்கு ஏறக்குறைய ஈடு! சொன்ன அடையாளம் பொருந்திவிட்டது.

வழக்கு முடிந்ததா? இல்லை. "சிறு விதையே அளவுக்கு மீறித் தின்று, வேகமாகக் கொழுத்திருக்கலாம்" என்று எதிர்க்கட்சி வாதாடுகிறது. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இப்படிப்பட்ட மண்டலங்கள் இன்னும் பல அகப்பட வேண்டும்.

ஆனால் ஒன்று. கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆகாயம் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் சொல்லிவிட்டு, அந்தச் சோதனைக்குத் துணிந்து நின்றார்களே, அதுதான் விஞ்ஞானம்!