அசையாத குரல்நாணும் அறுவை சிகிச்சையும்

தொண்டை கட்டாத ஆசிரியர் யார்? ஆண்டு விழா ஒத்திகை முடிந்த மறுநாளும், ஐந்து பாடவேளை தொடர்ந்து பேசிய மாலையிலும் குரல் கரகரப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனாலேயே, வேறு வகையான குரல் மாற்றம் வரும்போதும் பனங்கற்கண்டு, மிளகுப்பால் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

அந்த வேறு வகை எப்படி இருக்கும்? தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, சில சமயம் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ, காரணமே தெரியாமலோ, குரல் காற்றாக ஒழுகும். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். தண்ணீர் குடித்தால் புரையேறும். இருமலில் அழுத்தமே இராது. இவை சேர்ந்து வந்தால் குரல்நாண் ஒன்று செயலிழந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

பேசும்போது குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்களும் நடுவில் வந்து ஒட்ட, நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முறை, பெண்களுக்கு 200 முறை. ஒன்று ஓரத்திலேயே நின்றுவிட்டால், ஒரு கையால் தட்டுவதுபோலத்தான்.

குரல்நாணை அசைக்கும் நரம்பின் பாதை விசித்திரமானது. மூளையிலிருந்து கிளம்பும் பத்தாம் நரம்பின் கிளை அது. குரல்வளையைத் தாண்டிக் கீழே போய், இடப்பக்கத்தில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறி வருகிறது. (ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே ஏற்பாடுதான், அங்கே இந்த நரம்பு சில மீட்டர் நீளம். உயிரியல் வகுப்பில் சொல்லிப்பாருங்கள்.) வலப்பக்க நரம்பு இவ்வளவு தூரம் இறங்குவதில்லை. அதனால் இடப்பக்கமே அதிகம் பாதிக்கப்படுகிறது. நெஞ்சுக்குள் இருக்கும் கட்டிகூட முதலில் குரலில் வெளிப்படலாம் என்பதால், காரணம் தெரியாத நிலையில் கழுத்தோடு நெஞ்சையும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், தவிர்க்கவும் வேண்டாம்.

மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தினால் சில நிமிடங்களில் குரல்நாண்களின் அசைவு தெரிந்துவிடும். 1854இல் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்த மானுவேல் கார்சியா மருத்துவர் அல்லர், பாட்டு ஆசிரியர் என்பது நமக்குப் பெருமைதான்.

நரம்பு அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் தானாகவே மீளக்கூடும். அதற்குச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுவரைகூட ஆகும். நிலையான அறுவை சிகிச்சைக்கு மருத்துவர்கள் அவசரப்படாததற்குக் காரணம் இதுதான். ஆனால், ஓராண்டு பேசாமல் வகுப்பு எடுப்பது எப்படி? இதற்குத்தான் ஊசி முறை. செயலிழந்த குரல்நாணுக்குள் ஹயலுரானிக் அமிலம் போன்ற ஒரு கூழைச் செலுத்தி அதைப் பருக்கச் செய்கிறார்கள். பருத்த நாண் நடுப்பக்கம் வர, நல்ல நாண் அதைத் தொட்டுவிடுகிறது. பலருக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. கூழ் சில மாதங்களில் கரைந்துவிடும். அதற்குள் நரம்பு மீண்டால் நல்லது. 1911இல் புரூனிங்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் பாரஃபினைச் செலுத்தித் தொடங்கிய முறை இது. பின்னாளில் வந்த டெஃப்ளான் உள்ளே கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. நோயாளியின் உடலிலிருந்தே கொழுப்பை எடுத்துச் செலுத்துவதும் உண்டு.

நரம்பு மீளாது என்று உறுதியானால் தைரோபிளாஸ்டி. ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் இஷிகி 1974இல் இதை வகைப்படுத்தி வெளியிட்டார். ஆண்களின் கழுத்தில் முன்தள்ளித் தெரியுமே, அந்தக் குருத்தெலும்பின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஜன்னல் வெட்டி, அதன் வழியே சிலிகான் துண்டையோ கோர்டெக்ஸ் பட்டையையோ வைத்துக் குரல்நாணை நடுவே தள்ளுகிறார்கள். பொதுவாக, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே இது நடக்கும். “ஒன்று, இரண்டு எண்ணுங்கள்” என்பார் மருத்துவர். குரலைக் கேட்டுக்கேட்டுத் துண்டின் அளவைத் திருத்துவார். வீணைக்குச் சுருதி கூட்டுவதைப்போல. குரல்நாண்களின் பின்முனையில் இடைவெளி பெரிதாக இருந்தால், அங்குள்ள சிறு குருத்தெலும்பைத் தையலால் இழுத்துத் திருப்பும் வேலையும் சேரும்.

மூன்றாவது வழி, கழுத்துத் தசைக்குப் போகும் வேறொரு நரம்பை எடுத்துக் குரல்வளை நரம்போடு இணைப்பது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். இளவயதினருக்கு இது அதிகம் பொருந்தும்.

இவை எதுவும் அந்த நாணை முன்போல ஓடியாட வைப்பதில்லை. அதை நல்ல இடத்தில் நிறுத்திவைக்கின்றன, அல்லது அதன் தசைக்கு உரம் ஊட்டுகின்றன, அவ்வளவே. பேச்சு தெளிவாகும், புரையேறுவது குறையும். மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கும்படி கத்துவது சிரமமாகவே இருக்கலாம். இரண்டு நாண்களும் நடுவிலேயே செயலிழந்து நின்றவர்களுக்கோ நிலைமை தலைகீழ்: குரல் ஓரளவு இருக்கும், மூச்சுதான் திணறும். அவர்களுக்கு மூச்சுவழியைப் பெரிதாக்குவதே முதல் வேலை. அதற்காகக் குரலில் கொஞ்சம் இழக்க நேரிடும்.

குரல் மாற்றம் மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கழுத்திலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ஊசியோ அறுவையோ எதுவானாலும் பிறகு சில நாள் குரல் ஓய்வும், பேச்சுப் பயிற்சியாளரிடம் சில வாரப் பயிற்சியும் இருக்கும். விடுப்புக் கேட்கும்போது அந்த நாட்களையும் சேர்த்தே கேளுங்கள். வகுப்புக்குத் திரும்பிய பிறகு, இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் கடைசி பெஞ்சுக்காகக் கத்த வேண்டியதில்லை.